சிலை நிற்பது எங்ஙனம்?

குஜராத்தில் வாழும் நேயர்கள், நருமதைக் கரையிலுள்ள வல்லபபாய் படேலின் சிலையைக் கண்டிருக்கலாம். 2018-இல் திறக்கப்பெற்ற அதன் உயரம் 182 மீட்டர். நடக்கும் தோற்றமாதலின் அடி குறுகியது, காற்றில் அசையக்கூடியது. நாம் காணும் வெண்கலம் வெறும் போர்வையே. பாரத்தைத் தாங்குவன உள்ளிருக்கும் இரு கான்கிரீட் தூண்களும் எஃகுச் சட்டமுமாம். அசைவைத் தணிக்க, 250 டன் எடையுள்ள இரு பொறிகள் எதிர்த்திசையில் ஆடும்.

மகாராஷ்டிரத்து மால்வணிலோ, 2023 டிசம்பரில் திறந்த 35 அடிச் சிவாஜி சிலை, 2024 ஆகஸ்டில் வீழ்ந்தது. துருவும், வலுவற்ற சட்டமும், பிழையான பற்றவைப்புமே காரணமென விசாரணைக் குழு கண்டது. கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும்.

சிலையின் அடியில் நம் குழந்தைகள் நிற்கின்றனர். ஆதலின் திறப்பு விழாவோடு கடமை முடிவதில்லை. உள்ளெலும்பை ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும்.