இணைய இணைப்பு நின்றால் என் செய்வது?

பிழைப்பு நாடி ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் தபால்காரரே உயிர்நாடியாக விளங்கினார். அவர் மிதிவண்டி தெருமுனையில் திரும்பும் ஓசை கேட்டாலே தாய்மார் வாசலுக்கு வந்துவிடுவர். இன்று அந்த இடத்தை, கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சிறு பெட்டி பெற்றுவிட்டது. அதன் பச்சை விளக்கு எரிந்தால் வீடு கலகலப்பாக இருக்கிறது. அணைந்தால் வீடே இருண்டது போலாகிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையூர்களில் வாழும் நம்மவர் இந்தப் பெட்டியால் படும் பாட்டைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களுக்குப் பயன்படும் சில குறிப்புகளை இங்கே தர விரும்புகிறேன். முதற்கண், ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெரியப்பா கோவில்பட்டிப் பக்கத்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் பாறசாலையில் பாத்திரக் கடை வைத்து, இஞ்சிவிளைக்கு அருகில் குடியேறினார். மகன் குவைத்தில் வேலை பார்க்கிறான். அங்கே அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. இரவு எட்டு மணி ஆனதும் பெரியம்மா கைபேசித் திரையில் பேத்தியின் முகம் பார்ப்பார். அதன் பின்னரே சாப்பாடு. சென்ற ஐப்பசியில் ஒரு மாலை இடி முழங்கியது. மழைக்கு முன் பெட்டியைக் கழற்றி வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்ததால், பெரியப்பா அவசரமாக எல்லாக் கம்பிகளையும் இழுத்தார். மழை விட்டதும் மீண்டும் செருகினார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, இணைப்பு வரவில்லை.

இணைப்பு தந்த நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்தார். அங்கிருந்தவர் மலையாளத்தில், “ஏது லைட்டாணு கத்துன்னது?” என்று கேட்டார். மலையாளத்தில் கத்துவது என்றால் எரிவது. பெரியப்பாவுக்கு அது தெரியாது. “இங்கே ஒண்ணும் கத்தலையே ஐயா, பெட்டி சும்மாதானே இருக்கு” என்றார். மறுமுனையில் சிரிப்பு, பிறகு குழப்பம், பிறகு இணைப்பே துண்டிக்கப்பட்டது. சலித்துப்போன பெரியப்பா, பெட்டியின் பின்புறம் இருந்த சிறு துளையில் ஊக்கை நுழைத்து அழுத்திவிட்டார். அதோடு பெட்டியில் பதிந்து வைத்திருந்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்தன.

மூன்று நாள் பெரியம்மா பேத்தியைக் காணவில்லை. தாய்க்கு ஏதோ உடல்நலக் கேடு, அதை மறைக்கிறார்கள் என்று எண்ணிய மகன், விமானச் சீட்டுக்கு விலை விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டான். நான்காம் நாள் வந்த பணியாளர் கண்டது என்ன? பெட்டிக்குள் செல்லும் மெல்லிய மஞ்சள் நிற இழை மேசைக்கும் சுவருக்கும் இடையே மடிந்து நசுங்கியிருந்தது. அதை நிமிர்த்திச் செருகியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. ஆனால் அழிந்த விவரங்களை மீண்டும் பதிக்க அரை நாள் சென்றது. ஐந்து நிமிட வேலை மூன்று நாள் துன்பமானதற்குக் காரணம், எங்கே தேடுவது என்று தெரியாமையே.

இணைப்பு வரும் வழி

வீட்டில் குழாயில் தண்ணீர் வராவிடில், தொட்டியா, மோட்டாரா, தெருக்குழாயா என்று வரிசையாகப் பார்க்கிறோம் அல்லவா? இணையத்துக்கும் அதே முறைதான். இன்று பெரும்பாலான வீடுகளுக்கு இணைப்பு கண்ணாடி இழை வழியாக வருகிறது. தலைமயிர் போன்ற அந்த இழையில் ஓடுவது மின்சாரம் அன்று, ஒளி. இத்தகைய இழையில் நெடுந்தூரம் செய்தி அனுப்ப இயலும் என்பதை 1966-ஆம் ஆண்டில் சார்லஸ் காவ் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையின் ஒளி, வழியில் பல கிளைகளாகப் பிரிந்து பல வீடுகளுக்குச் செல்கிறது. வீட்டுக்குள் ஒரு பெட்டி அந்த ஒளியை மின்குறியாக மாற்றுகிறது. ரவுட்டர் என்பது அதைப் பல கருவிகளுக்கும் பங்கிடுகிறது. சில வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டி. அங்கிருந்து வைஃபை அலையாகவோ, கம்பி வழியாகவோ கைபேசிக்கும் கணிப்பொறிக்கும் செல்கிறது. ஆகவே பழுது ஏற்படக்கூடிய இடங்கள் ஐந்து: தெரு இழை, வீட்டு இழை, பெட்டி, வைஃபை, நம் கருவி. இவற்றில் எது என்று கண்டால் பாதி வேலை முடிந்தது.

விளக்குகள் பேசும் மொழி

பெட்டியின் முகப்பிலுள்ள விளக்குகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘பவர்’ என்ற விளக்கே எரியவில்லையானால் மின்சாரம் வரவில்லை. அடாப்டரை வேறு செருகுவாயில் மாட்டிப் பார்க்க வேண்டும். ‘பான்’ என்ற விளக்கு நிலையாகப் பச்சையாக எரிந்தால் ஒளி நன்றாக வருகிறது. ‘எல்.ஓ.எஸ்.’ என்பது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவதிலோ கைபேசியைக் குறை கூறுவதிலோ பயனில்லை. இழை மடிந்துள்ளதா, செருகல் தளர்ந்துள்ளதா என்று மெல்லப் பார்க்கலாம். இழையைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் விழிக்குக் கேடு செய்யக்கூடும்.

அடுத்து, அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். அதே நிறுவனத்து இணைப்பு அவர்களுக்கும் நின்றிருந்தால் பழுது தெருவில் இருக்கிறது. எல்லையூர்களில் இது அடிக்கடி நேர்வதே. இழைகள் பெரும்பாலும் மின்கம்பங்களின் வழியே தென்னைக்கும் ரப்பர் மரங்களுக்கும் ஊடே செல்கின்றன. ஒரு மட்டை விழுந்தால் போதும். ஓர் அணில் கடித்தால் போதும். அண்டை வீட்டில் இணைப்பு இருந்து நம் வீட்டில் மட்டும் இல்லையானால், குறை நம் வீட்டு இழையிலோ பெட்டியிலோதான்.

வீட்டுக்குள் தேடும் முறை

எல்லா விளக்கும் பச்சையாக இருந்தும் இணையம் வரவில்லையா? ஒரு கருவியில் மட்டுமா, எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் எனில் அக்கருவியை அணைத்து இயக்குங்கள். சேமித்த வைஃபைப் பெயரை நீக்கி, கடவுச்சொல்லை மீண்டும் இடுங்கள். எல்லாவற்றிலும் எனில் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து, மீண்டும் இயக்குங்கள். முழுதும் எழ ஐந்து நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் மீண்டும் மீண்டும் அணைப்பது, உறங்குபவரைப் புரண்டு படுக்கும்போதெல்லாம் தட்டி எழுப்புவது போன்றது.

அணைத்து இயக்குவது வேறு; சிறு துளையை ஊக்கால் அழுத்துவது வேறு. முன்னது களைப்பு தீரும் உறக்கம். பின்னது நினைவு முழுதும் அழியும் மயக்கம். நிறுவனத்தார் சொல்லாமல் அத்துளையைத் தொடாதிருப்பது நலம்.

முன்னறையில் நன்றாக இருந்து சமையலறையில் மட்டும் இணைப்பு மெலிந்தால், குறை அலையில் இருக்கிறது. வைஃபை இருவகை அலைகளில் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமுடையது, சுவரைக் கடக்கும் ஆற்றல் குறைவு. கனத்த சுவரும் கான்கிரீட் தளமும் இரும்பு பீரோவும் அலையைத் தடுக்கும். எனவே பெட்டியைத் தரையிலோ அலமாரிக்குள்ளோ வைக்காமல், வீட்டின் நடுவே ஆள் உயரத்தில் வைப்பது நன்று.

கணிப்பொறி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் நுட்பமான சோதனை உண்டு. ‘பிங்’ என்னும் கட்டளை, ஒரு முகவரியை அழைத்து மறுமொழி வருகிறதா என்று பார்க்கும். 1983-இல் மைக் மூஸ் என்பவர் இதனை ஆக்கினார். முதலில் ரவுட்டரின் முகவரியை, பல வீடுகளில் அது 192.168.1.1, அழையுங்கள். மறுமொழி வந்தால் வீட்டுக்குள் குறையில்லை. அடுத்து 8.8.8.8 என்ற வெளி முகவரியை அழையுங்கள். அதுவும் மறுமொழி தந்து, தளங்கள் மட்டும் பெயர் சொன்னால் திறக்கவில்லையெனில், பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாட்டில் குறை. கணிப்பொறியின் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் அதற்கு முகவரி வழங்கவில்லை என்று அறியலாம்.

இடியும் எல்லையும்

நம் வட்டாரத்துக்கே உரிய இடர்கள் இரண்டு. முதலாவது இடி. கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மாலை வேளைகளில் இடி மின்னல் மிகுதி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் அடாப்டரின் வழியாக மின்தாக்கு பெட்டிக்குள் புகும். ஆதலின் வானம் கறுக்கும்போதே அடாப்டரை மட்டும் செருகுவாயிலிருந்து எடுத்துவிடுங்கள். மஞ்சள் இழையைத் தொட வேண்டுவதில்லை. பெரியப்பா செய்த முதற் பிழை அதுவே. பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி வழியாக இணைப்பு உள்ளவர்கள் அந்தக் கம்பியையும் கழற்ற வேண்டும். இடி தொடங்கிய பிறகு எதையும் தொடாதீர்கள். பெட்டி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது எல்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. தொலைபேசி வட்டங்களும் அக்கோட்டையே பின்பற்றுகின்றன. ஆனால் கோபுரத்திலிருந்து வரும் அலை சோதனைச்சாவடியில் நிற்பதில்லை. வீட்டு இணைப்பு நின்றதும் கைபேசி இணையத்துக்கு மாறுவோருக்கு இங்கே ஒரு சங்கடம் நேரும். இஞ்சிவிளையில் இருக்கும் கைபேசி, களியக்காவிளைப் பக்கத்துத் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும். திரையின் மேற்புறம் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துத் தோன்றலாம். ‘டேட்டா ரோமிங்’ நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், அலை நிறைய இருந்தும் இணையம் வராது. அமைப்புகளுக்குள் சென்று அதை இயக்கிவிட்டால் தீரும். வெளிநாடு செல்லும்போது மட்டும் அதனை மறவாமல் நிறுத்துங்கள். இல்லையேல் பெருங்கட்டணம் வரக்கூடும்.

கேட்டுப் பெற வேண்டியது

இணையம் இன்று வெறும் பொழுதுபோக்கு அன்று. 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வியுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 5-ஆம் நாள் கேரள அரசின் ‘கே-போன்’ கண்ணாடி இழைத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. வறிய குடும்பங்கள் இருபது லட்சத்துக்கு இலவச இணைப்புத் தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. எனவே புகார் செய்யத் தயங்க வேண்டியதில்லை. 2012-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர்ப்பு விதிகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் தர வேண்டும். அவ்வெண்ணைக் கேட்டு, நாளோடு குறித்து வையுங்கள். குறை தீராவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத அதுவே ஆதாரம்.

புகார் கூறும்போது “நெட் வரவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த விளக்கு என்ன நிறம், எப்போது நின்றது, அண்டை வீட்டில் உண்டா இல்லையா என்ற மூன்றையும் சொன்னால் பணியாளர் தக்க கருவியோடு வருவார். மலையாளம் பழகாதவர்கள் “சுவன்ன லைட்டு கத்துன்னுண்டு” என்ற ஒரு வாக்கியத்தையாவது மனப்பாடம் செய்துகொள்ளலாம். விளக்கு அங்கே கத்தினாலும் காது கேளாது, கண்ணுக்குத்தான் தெரியும்!

வேலை நிமித்தம் பெற்றோரை விட்டுச் செல்லும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். புறப்படுமுன் அரை மணி நேரம் அவர்களோடு பெட்டியின் முன் அமருங்கள். இன்ன விளக்குக்கு இன்ன பொருள், இன்ன இழையைத் தொடலாகாது, புகார் எண் இன்னது என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிப் பெட்டியருகே ஒட்டுங்கள். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தனித்தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

எங்கள் பெரியப்பா வீட்டுச் சுவரில் இப்போது அத்தகைய தாள் ஒன்று ஒட்டப்பட்டுள்ளது. கார்த்திகையில் மீண்டும் ஒருநாள் சிவப்பு விளக்கு எரிந்தது. பெரியம்மா தாளைப் படித்தார். அண்டை வீட்டில் கேட்டார். அங்கும் இல்லை என்று அறிந்து தாமே புகார் சொன்னார். பிறகு கைபேசியின் ரோமிங்கை இயக்கி, எட்டு மணிக்குப் பேத்தியின் முகம் பார்த்துவிட்டு, வழக்கம் போல் சாப்பிட அமர்ந்தார்.