வீட்டில் ஒரு குட்டி நூலகம்

நீங்கள் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். ஆனால் நீங்கள் இருப்பது பெங்களூரில். இங்கே பஸ்ஸில் கன்னட எழுத்து. கடைப் பலகையில் கன்னடமும் ஆங்கிலமும். படித்த தமிழைப் பழக இடம் எங்கே? வீட்டில்தான்.

உங்கள் மகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறாள். உங்களோடு தமிழில் பேசுகிறாள். ஆனால் தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. கன்னட எழுத்து உங்களுக்குத் தெரியாது. பெங்களூரில் பல தமிழ் வீடுகளில் இதுதான் நிலை. அம்மாவும் மகளும் சேர்ந்து படிக்க முடியுமா?

முடியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது.

நேஷனல் புக் டிரஸ்ட் என்பது மத்திய அரசின் புத்தக நிறுவனம். 1957-இல் தொடங்கியது. குழந்தைகளுக்காகப் படப் புத்தகங்கள் போடுகிறது. ஒரே புத்தகம் பல மொழிகளில் வரும். கதை ஒன்று. படம் ஒன்று. எழுத்து மட்டும் வேறு. பெங்களூரிலும் இதற்கு அலுவலகம் உண்டு. 2004-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸும் இப்படித்தான் பல மொழிகளில் வெளியிடுகிறது.

ஒரு கதையைத் தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று வாங்குங்கள். எல்லாப் புத்தகமும் இரண்டு மொழியிலும் கிடைக்காது. கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் ஒரு பக்கம் படியுங்கள். அதே பக்கத்தை அவள் கன்னடத்தில் படிக்கட்டும். நீங்கள் "பூனை" என்பீர்கள். அவள் "பெக்கு" என்பாள். கொஞ்ச நாளில் உங்கள் புத்தகத்தை அவள் எட்டிப் பார்ப்பாள். அவள் புத்தகத்தை நீங்கள் பார்ப்பீர்கள். நீங்கள் திக்கித் திக்கிப் படித்தாலும் குறைவில்லை. அவளும் அப்படித்தானே படிக்கிறாள்?

"நானே அதிகம் படிக்கவில்லை. என் வீட்டில் புத்தகம் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். 27 நாடுகளில் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. புத்தகம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் அதிக ஆண்டுகள் படிக்கிறார்கள் என்று அது கண்டது. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில்தான் இந்தப் பயன் கூடுதலாகத் தெரிந்தது.

பணம்? ஓர் உண்டியல் வையுங்கள். மாதம் 50 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 600 ரூபாய். மெல்லிய படப் புத்தகங்கள் பல வாங்கலாம். அவென்யூ ரோட்டில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அங்கே பேரம் பேசலாம். வாங்கும் முன் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். நடுவில் பக்கம் போன கதைப் புத்தகம் பிள்ளையை அழ வைக்கும்!

காசில்லாமலும் கிடைக்கும். பிரதம் புக்ஸ் 2015-இல் 'ஸ்டோரிவீவர்' என்ற இணையதளம் தொடங்கியது. தமிழிலும் கன்னடத்திலும் கதைகள் உண்டு. போனில் இலவசமாகப் படிக்கலாம். அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. பிடித்த கதையை மட்டும் ஜெராக்ஸ் கடையில் கருப்பு வெள்ளையில் எடுங்கள். வண்ணத்தைப் பிள்ளையே தீட்டட்டும். தான் வண்ணம் தீட்டிய புத்தகத்தை எந்தப் பிள்ளையும் தூக்கி எறியாது. அல்சூரில் உள்ள பெங்களூர் தமிழ்ச் சங்கத்திலும் நூலகம் இருக்கிறது. ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

வாங்கியதை எங்கே வைப்பது? அலமாரி வேண்டாம். மார்க்கெட்டில் கிடைக்கும் பழைய பழப்பெட்டி போதும். ஆணிகளை அடித்து மடக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கும். அதனால் பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். காய்ந்த வேப்பிலை கொஞ்சம் போடுங்கள். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்துத் தூசி தட்டுங்கள்.

கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைக்கிறவர்களும் உண்டு. அது நூலகம் ஆகாது. கிழியட்டும், தைத்துக்கொள்ளலாம். மெல்லிய புத்தகத்தின் நடுவில் கம்பிப் பின் இருக்கும். ஈரத்தில் அது துருப்பிடித்துத் தாளை அரிக்கும். பின்னை மெதுவாகக் கழற்றுங்கள். மடிப்பில் மூன்று துளை போடுங்கள். கெட்டி நூலால் தையுங்கள். முடிச்சு உள்பக்கம் வரட்டும்.