நகர முத்திரையில் நின்ற நாரைகள்

மாநகராட்சி வழங்கும் பிறப்புச் சான்றிதழையோ சொத்துவரி இரசீதையோ எடுத்துப் பாருங்கள். அதன் மேற்பகுதியில் சிறியதொரு படம் அச்சிடப்பட்டிருக்கும். அதுவே நகரத்தின் முத்திரை. இலச்சினை என்றும் அதனைக் கூறுவர். அத்தாள் நகரத்தின் பெயரால் முறையாக வழங்கப்பட்டது என்பதற்கு அம்முத்திரை சான்றாகும். அதிலுள்ள உருவங்கள் அழகுக்காக மட்டும் வரையப்பட்டவை அல்ல. ஒரு நகரம் தன்னிடத்து எதனைச் சிறப்பாகக் கருதுகின்றது என்பதையும் அவை உணர்த்தும்.

சிறப்பு என்றவுடன் நமக்குச் சிங்கம் நினைவுக்கு வரலாம். நம் நாட்டின் சின்னத்திலும் சாரநாத்தில் கிடைத்த அசோகர் தூணின் சிங்கங்களே உள்ளன. ஆனால், ஒரு காலத்தில் கல்கத்தா மாநகரம் தன் முத்திரையில் நிறுத்தியது குப்பையைக் கிளறி உண்ணும் ஒரு பறவையை!

கல்கத்தா அப்போது ஆங்கிலேய இந்தியாவின் தலைநகரம். 2001 முதல்தான் அதனைக் கொல்கத்தா என்று எழுதுகின்றோம். 1896 டிசம்பர் 26 அன்று அந்நகரத்திற்கு ஒரு முத்திரை பட்டயத்தின் வழியே வழங்கப்பட்டது. ஐரோப்பிய மரபுப்படி நடுவில் ஒரு கேடயமும், அதனை இருபுறமும் தாங்கி நிற்கும் இரண்டு உருவங்களும் அதில் இருந்தன. அவ்விரண்டும் பெரிய நாரைகள். ஒவ்வொன்றின் அலகிலும் ஒரு பாம்பு. தோளில் ஒரு மணிமுடியின் வடிவம். ‘பெர் ஆர்டுவா ஸ்டாபிலிஸ் எஸ்டோ’ என்னும் இலத்தீன் தொடரும் இடம்பெற்றிருந்தது. ‘இன்னல்களுக்கு இடையிலும் நிலைகுலையாது நில்’ என்பது அதன் கருத்து.

அந்த நாரையை அழகிய பறவை என்று எவரும் சொல்லமாட்டார். ஏறத்தாழ ஐந்தடி உயரம்; மயிரற்ற தலை; கழுத்தின் கீழே தொங்கும் செந்நிறப் பை; தடித்து நீண்ட அலகு. படை அதிகாரியைப் போல விறைப்பாக நடந்ததால் ஆங்கிலேயர் அதனை ‘அட்ஜுடண்ட்’ என்னும் படைப் பதவியின் பெயரால் அழைத்தனர். கிழக்கிந்திய மக்கள் இட்ட பெயரோ ‘ஹர்கிலா’. எலும்பை விழுங்குவது என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் அதன் நடையைக் கண்டனர். உள்நாட்டு மக்கள் அதன் தொழிலைக் கண்டனர். பின்னதே பொருத்தமான பெயர் என்று தோன்றுகின்றது.

ஹூக்ளி ஆற்றின் கரையில், தாழ்ந்த சதுப்பு நிலத்தில் வளர்ந்த நகரம் கல்கத்தா. மூடிய கழிவுநீர்க் கால்வாய்கள் அமையாத நாள்களில் இறைச்சிக் கழிவும், இறந்த விலங்குகளின் உடல்களும், வீட்டுக் குப்பையும் தெருவிலேயே கிடந்தன. கோடையிலும் மழைக்காலத்திலும் இந்நாரைகள் பெருங்கூட்டமாக வந்து காகம், பருந்து, நரி ஆகியவற்றுடன் போட்டியிட்டு அவற்றைத் தின்று தீர்த்தன. ஆளுநர் மாளிகையின் வாயில்மீது சிங்கச் சிலைகள் உண்டு. அச்சிங்கங்களின்மேல் நாரைகள் அமர்ந்திருப்பதை அக்கால ஓவியங்களில் காணலாம். ஆட்சியின் பெருமைக்கென வைத்த சிங்கம் நாரைக்கு நல்லதோர் இருக்கையாயிற்று!

நாரையைக் கொல்வதைச் சட்டம் தடுத்தது. கொன்றவருக்கு ஐம்பது ரூபாய் அபராதம். அந்நாளில் ஒரு கூலியாளுக்கு அது பல மாத ஊதியமாகும்.

இப்போது முத்திரையை மீண்டும் நோக்குவோம். அலகில் பாம்பு இருப்பது வெறும் கற்பனையன்று. பாம்பும் இந்நாரையின் இரையே. ஊருக்குத் தீங்கு தருவதனை நாரை அகற்றுகின்றது என்பதை அப்பாம்பால் உணரலாம். கூர்முனைகள் கொண்ட அம்மணிமுடி, கீழைநாடுகளோடு தொடர்புடைய முத்திரைகளில் ஆங்கிலேயர் வழக்கமாகச் சேர்த்த அடையாளம். ஆனால் அது துப்புரவு செய்யும் பறவையின் தோளில் அமைந்தபோது, அத்தொழிலுக்கே அளித்த மதிப்பைப் போலக் காட்சியளிக்கின்றது.

வியப்பு என்னவெனில், முத்திரை வழங்கப்பட்ட நாளில் நகரத்தில் நாரைகள் மிகக் குறைந்துவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்கள் அமைந்தன. குப்பையை அகற்றும் முறையும் சீர்பட்டது. நகரத்தில் இரை குறைந்தது. தொலைவில் அவை கூடு கட்டிய பெருமரங்களும் அழிந்தன. விடைபெற்றுச் சென்ற ஊழியனின் படத்தைச் சுவரில் மாட்டியது போலாயிற்று நகரத்தின் செயல். நாரை விட்டுச்சென்ற பணியைத் துப்புரவுப் பணியாளர் ஏற்றனர். அவர்களது உருவம் முத்திரையில் ஏறவில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். விடுதலைக்குப் பின்னர் மாநகராட்சி புதிய முத்திரையை ஏற்றுக்கொண்டது. அதில் நாரைகள் இல்லை.

இன்று அப்பறவைகள் பெரும்பாலும் அசாமிலும், பீகாரின் பாகல்பூர்ப் பகுதியிலும், கம்போடியாவிலும் மட்டுமே வாழ்கின்றன. குவாகாத்தி நகரின் குப்பைமேட்டில் மனிதர்களுக்கு அருகிலேயே நின்று அவை இரை தேடுகின்றன. ஆயினும், வீட்டு முற்றத்தில் எச்சமும் அழுகிய இறைச்சியும் விழுவதை வெறுத்த மக்கள், கூடுகள் இருந்த மரங்களை வெட்டி வந்தனர். உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன் தாதரா முதலிய சிற்றூர்களின் பெண்களைச் சந்தித்துப் பேசினார். அவர்கள் ‘ஹர்கிலா படை’ என்னும் பெயரில் ஒன்றுகூடி மரங்களைக் காக்கத் தொடங்கினர். கூடு கட்டும் பருவத்தில், கருவுற்ற மகளுக்குச் செய்வது போலவே அப்பறவைக்கும் சடங்கு செய்கின்றனர். தாம் நெய்யும் துணிகளில் அதன் உருவத்தைப் பொறிக்கின்றனர். 2022இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் பூர்ணிமாவுக்கு ‘புவியின் வாகையர்’ விருதை வழங்கியது. அடுத்த ஆண்டில், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வரிசையிலிருந்து இந்நாரை இருபடி பாதுகாப்பான வரிசைக்கு மாற்றப்பட்டது.