'ஆய்வு சொல்கிறது' என்று வாசித்த குரல்

காலை நிகழ்ச்சியில் பாடலுக்கும் போக்குவரத்துத் தகவலுக்கும் நடுவே நாற்பது வினாடி கிடைக்கும். அதில் ஒரு மருத்துவத் துணுக்கு வாசிப்பது என் வழக்கம். "ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று தொடங்கினால் போதும், கேட்பவர்களுக்குப் பிடித்துவிடும்.

ஒருநாள் புற்றுநோய் செல்களை அழிக்கும் ஒரு புதுச் சேர்மத்தைப் பற்றி வாசித்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் கூலாயிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். "தங்கச்சி, காலையில சொன்னீங்களே அந்த மருந்து, ஜொகூர் பாருல எந்த பார்மசியில கிடைக்கும்? வீட்டுக்காரருக்குக் கல்லீரல்ல கட்டி" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. நான் மூலக் கட்டுரையைப் படிக்கவே இல்லை. ஓர் ஆங்கிலச் செய்தியின் முதல் பத்தியைத் தமிழாக்கியிருந்தேன், அவ்வளவுதான். அன்று மாலை தேடிப் பார்த்தபோதுதான் அது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் நடந்த சோதனை என்பதே தெரிந்தது. மனிதருக்குக் கொடுக்கும் கட்டம் இன்னும் வெகுதூரம். அப்படித் தேடும்போது நம் நாட்டுக் கதை ஒன்றும் கண்ணில் பட்டது.

2016இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் 'சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். புதுச் சேர்மம் ஒன்று கல்லீரல் புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்பது அதன் செய்தி. அந்தக் குழுவின் கட்டுரைப் படங்களை அந்த ஜூன் மாதம் யாரோ டுவிட்டரில் போட்டார்கள். படத்தில் ஒரே செல் உருவம் அங்கங்கே திரும்பத் திரும்ப வந்திருந்தது. கல்யாண ஆல்பத்தில் ஒரே மாமா நான்கு வரிசையிலும் நிற்பது போல! அறிவியல் தெரியாதவர் கண்ணுக்கும் அது பட்டது. பல்கலைக்கழகம் விசாரித்து நான்கு கட்டுரைகளில் முறைகேடு இருப்பதாக அறிவித்தது. இதழும் அந்தக் கட்டுரையை மீட்டுக்கொண்டது.

என்னை உறுத்தியது வேறு. அச்சுக்கு முன்பே துறை வல்லுநர்கள் கட்டுரையைப் படித்துச் சரிபார்ப்பார்கள். ஆனால் அவர்கள் படிப்பது வாதத்தையும் முடிவையும்தான். படத்தைப் பெரிதாக்கி நகல் தேடும் பழக்கம் அப்போது அதிகம் இல்லை. எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியல் ஆய்வாளரும் இரண்டு சக ஆய்வாளர்களும் அதே 2016இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: 20,621 கட்டுரைகளில் 3.8 விழுக்காட்டில் ஒரே படம் தவறாக மறுபடி பயன்பட்டிருந்தது. அவற்றில் குறைந்தது பாதி, தெரிந்தே செய்ததாகத் தோன்றியது. பிக் பெரும்பாலும் வெறும் கண்ணால்தான் இதைக் கண்டுபிடித்தார்.

ஏன் செய்கிறார்கள்? பட்டம், பதவி உயர்வு, பல்கலைக்கழகத் தரவரிசை எல்லாமே கட்டுரை எண்ணிக்கையைப் பார்க்கின்றன. முதுகலை படித்த என் தோழி சொல்வாள்: "ஆறு மாசம் சோதனை பண்ணி 'ஒன்னும் நடக்கல'ன்னு முடிவு வந்தா, அதை எந்த இதழும் வாங்காது." ஒன்றும் நடக்கவில்லை என்பதும் உண்மையான முடிவுதான். அதற்கு மதிப்பெண் கிடையாது. இது ஏமாற்றுவதற்குச் சாக்கு ஆகாது என்பதையும் அவளே சொல்வாள். அவள் தன் முடிவை அப்படியே எழுதிக் கொடுத்தாள், ஒரு வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கினாள்.

2023இல் மட்டும் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. இதழ் தன் பக்கத்தில் ஓர் அறிவிப்பு போட்டுவிடும். புலனத்தில் பரவிய செய்தியை யார் மீட்டுக்கொள்வது? வானொலியில் நான் வாசித்ததை?

இப்போது துணுக்கு வாசிக்குமுன் கட்டுரைத் தலைப்பை 'ரிட்ராக்ஷன் வாட்ச்' தரவுத்தளத்தில் போட்டுப் பார்க்கிறேன். இலவசம்தான், நீங்களும் பார்க்கலாம். சோதனை செல்லிலா, எலியிலா, மனிதரிடமா என்பதையும் சேர்த்தே வாசிக்கிறேன். "துணுக்கு முன்ன மாதிரி சுவாரசியமா இல்லையே" என்று தயாரிப்பாளர் குறைபட்டுக்கொள்கிறார். உண்மைதான்.

அன்று கூலாய் அக்காவிடம், "டாக்டரைக் கேளுங்க அக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். சில மாதம் கழித்து மறுபடி அழைத்தார், கணவருக்குப் பிடித்த பழைய பாடல் ஒன்று வேண்டுமென்று. உடனே போட்டேன். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க வாய் வரவில்லை.