கல்பாசியின் குடித்தனம்

ஏற்காட்டுக்குப் போனால் ஏரியோடு திரும்பிவிடாதீர்கள். பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்கிறதே, அதையும் கவனியுங்கள். குருமாவில் நீங்கள் போடும் கல்பாசிக்கு அது உறவு!

பார்வைக்கு ஒரே செடி. உண்மையில் பூஞ்சக்காளானும் பாசியும் நடத்தும் கூட்டுக் குடித்தனம். 1867-ல் இதைச் சொன்னவர் ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி ஷ்வெண்டனர். பாசி வெயிலில் உணவு சமைக்கிறது. காளான் வீடாக நின்று ஈரம் காக்கிறது.

ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டையும் பிரித்து வளர்த்தார்கள். தனித்த காளான் உருவமற்ற உருண்டையாயிற்று. மறுபடி சேர்த்து, சத்தை வாரிக் கொடுத்தால் ஒட்ட மறுக்கின்றன! அரைப் பட்டினி போட்டு, நனைத்து உலர்த்தினால்தான் மெல்லக் கூடுகின்றன. அப்போதும் மலையில் காணும் இலை வடிவம் எளிதில் வருவதில்லை.

மலையிலோ வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்ச்சி. ஆகவே அதை உரித்தெடுக்காதீர்கள், சகோதரிகளே! குருமாவுக்கும் ஒரு சிட்டிகை போதும்.