எடைக்குப் போக இருந்த கம்ப்யூட்டர்... இனி வீட்டுப் பாட்டுப் பெட்டி!

பத்து வருடப் பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 ஏறுவது கஷ்டம்தான். ஆனால், டெபியன் போன்ற இலவச லினக்ஸைப் போட்டால், மானிட்டர்கூட இல்லாமல் வீட்டு சர்வராக ஓடும். பாட்டுக்குப் பெரிய இடமும் வேண்டாம். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி. ஐந்து நிமிடப் பாடல்கள் 5,000 இருந்தாலும் 25 ஜிபிதான்.

லேப்டாப்பில் இருக்கும் கலெக்‌ஷனை அப்படியே சர்வருக்குக் கொண்டுபோக ‘ஆர்சிங்க்’ உதவும். 1996-ல் வந்த இலவச மென்பொருள். முதல் முறை எல்லாவற்றையும் நகலெடுக்கும். பிறகு ஃபைலின் அளவையும் கடைசியாக மாறிய நேரத்தையும் ஒப்பிட்டு, புதியதை மட்டும் அனுப்பும்.

உஷாராக இருக்க வேண்டிய இடம் அதன் ‘டெலீட்’ ஆப்ஷன். அதைச் சேர்த்தால் லேப்டாப்பில் அழித்தது சர்வரிலும் அழியும். வீட்டில் யாரோ தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்து, அன்றிரவே ஆர்சிங்க் ஓடினால் இரண்டு பக்கமும் காலி! சினிமா பாட்டைத் திரும்பத் தேடிக்கொள்ளலாம். கேசட்டிலிருந்து மாற்றிவைத்த பாட்டியின் தாலாட்டை எங்கே தேடுவது? அதனால் முதலில் ‘டிரை ரன்’ கொடுத்துப் பாருங்கள். எதையும் தொடாமல், எதெல்லாம் அழியப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். அந்தத் தாலாட்டைத் தனி ஹார்டு டிஸ்க்கிலும் ஏற்றி, கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்குக்கும் வயதாகியிருக்குமே!

சர்வரில் ‘நேவிட்ரோம்’ போட்டால், வீட்டு வைஃபையில் எல்லோர் மொபைலிலும் பாட்டு கேட்கலாம். கரன்ட் பில்? 50 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 36 யூனிட். ராத்திரி அணைத்துவிட்டால் இன்னும் குறையும்.