பழைய ஜீப்பைக் கறளிலிருந்து காப்போம்

நெல்மூட்டை, உரம், நீரிறைக்கும் இயந்திரம், சில வேளைகளில் நோயாளி என எல்லாவற்றையும் ஏற்றிச் செல்வதற்குப் பழைய ஜீப் வண்டி உதவுகின்றது. மழைக்குச் சேறாகும் பாதையில் வேறு வாகனம் போக முடியாத நாளிலும் அது போய்வரும். இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களும், காணிக்குத் திரும்பிய குடும்பங்களும் இரண்டு மூன்றாகச் சேர்ந்து, நகையை அடகு வைத்தாவது இப்படியான வண்டியொன்றை வாங்க நினைப்பதுண்டு. இயந்திரம் பழுதானால் உதிரிப்பாகத்தை மாற்றிக் கொள்ளலாம். ஆனால் அடிச்சட்டத்தைக் கறள் தின்றுவிட்டால் போட்ட பணம் முழுவதும் போய்விடும்.

கறளில் இரண்டு வகை உண்டு. ஒன்று வண்டியின் அழகைக் கெடுப்பது. மற்றது வண்டியில் ஏறுபவர்களின் உயிருக்கு ஆபத்தானது. கையில் பணம் குறைவாக இருக்கும்போது இரண்டாவதையே முதலிற் கவனிக்க வேண்டும். பலர் செய்வது இதற்கு நேர்மாறானது. வெளித்தகட்டுக்குப் புதுப் பெயின்ற் அடித்துவிட்டு, அடிப்பாகத்தைப் பாராமல் விட்டுவிடுகின்றார்கள்.

கறள் ஏன் பிடிக்கின்றது?

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேரும்போது கறள் உண்டாகின்றது. உப்பு சேர்ந்தால் இது மிக விரைவாக நடைபெறும். மன்னார், ஆனையிறவு போன்ற உப்புக் காற்று வீசும் இடங்களில் வண்டிகள் விரைவிற் பழுதடைவது இதனாலேயே. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல்கோளில் மூழ்கிய வாகனங்களை நன்னீரால் உடனே கழுவ முடியாமற் போனபோது, உட்பகுதிகளில் தங்கிய உப்பு தொடர்ந்து இரும்பை அரித்தது.

கமக்காரர் மறந்துவிடும் இன்னொரு உப்பும் உண்டு. அதுதான் உரம். எம்.ஓ.பி. என்று நாம் வாங்கும் பொற்றாசு உரம் கறியுப்பைப் போன்ற ஒரு குளோரைட்டு உப்பே. கிழிந்த உரப்பையிலிருந்து சிந்தியது வண்டித் தளத்தின் மூலைகளில் ஈரத்துடன் கிடந்தால் தகட்டை அரித்துவிடும். கோழி எருவும் அத்தகையதே. உரம் ஏற்றிய அன்றே தளத்தைக் கூட்டிக் கழுவிவிடுங்கள்.

கறள், தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். பெயின்ற் கொப்புளம் போல எழும்பினாலோ இரு தகடுகள் சேரும் விளிம்பு வீங்கினாலோ, உள்ளே கறள் பல நாளாக வேலை செய்கின்றது என்பதே பொருள்.

லான்ட் றோவர் வண்டியின் தந்திரம்

இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டு 1948இல் முதலில் வெளிவந்த லான்ட் றோவர் வண்டிக்கு அலுமினியக் கலப்புலோகத் தகடுகள் பொருத்தப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கு உருக்குத் தகடு தட்டுப்பாடாக இருந்ததே காரணம். அலுமினியத்தில் சிவப்புக் கறள் பிடிப்பதில்லை. ஆகவே இவ்வண்டியை வெளியிலிருந்து பார்ப்பவர் நல்ல வண்டி என்று ஏமாந்துவிடுவார். ஆனால் அதன் அடிச்சட்டமும், சாரதியின் கால் வைக்கும் பகுதியோடு சேர்ந்த முன்தடுப்பும் உருக்கினால் ஆனவை. கறள் அங்கேதான் குடியிருக்கும். அலுமினியமும் உருக்கும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெண்தூளாக உதிரும். வில்லிஸ் வகை ஜீப்புகளில் வெளித்தகடும் உருக்கு என்பதால், அங்கே கறள் வெளியிலும் தெரியும்.

தட்டிப் பாருங்கள்

வாங்குவதற்கு முன்னர் வண்டியின் கீழே படுத்துப் பாருங்கள். தூக்கிய வண்டியாயின் மரக்குற்றி அல்லது உறுதியான தாங்கி வைக்காமல் ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. ஒரு சிறு சுத்தியலும் திருப்புளியும் போதும். சட்டத்தை இடம் இடமாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். கறள் தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும், அல்லது செதில் உதிரும். சந்தேகமான இடத்தைத் திருப்புளியால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அங்கு இரும்பு இல்லை.

முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: வில்லுகள் சட்டத்துடன் பொருந்தும் இடங்கள், ஸ்டியரிங் பெட்டி பூட்டப்பட்ட இடம், பின்பக்கக் குறுக்குச் சட்டம், பிரேக் எண்ணெய் செல்லும் குழாய்கள், ஆசனப் பட்டி பூட்டிய இடங்கள். இவற்றில் ஒன்று பழுதாக இருந்தாலும், திருத்தும் வரை அந்த வண்டியில் ஆட்களை ஏற்ற வேண்டாம். புதிதாகக் கரும்பூச்சுப் பூசிய அடிப்பாகத்தைக் கண்டால் இருமடங்கு கவனமாக இருங்கள். வெளித்தகடு உருக்காயின் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் தடித்த புட்டி இருக்கின்றது.

மேலோட்டமான கறளுக்கு

துளை விழாத கறளை வீட்டிலேயே நீக்கலாம். சேற்றைக் கழுவி நன்றாக உலர விடுங்கள். கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேயுங்கள். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே அரத்தாளை நீர் தொட்டுத் தேயுங்கள், மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுங்கள், பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். குழிகளில் எஞ்சும் கறளுக்குப் பொசுபோரிக்கமிலம் கலந்த கறள்நீக்கி கடைகளில் உண்டு. கையுறை அணிந்து, போத்தலில் எழுதியுள்ளபடி பாவியுங்கள்.

உலர்ந்த இரும்புக்கு அன்றே முதற்பூச்சுப் பூச வேண்டும். ஈரக் காற்றில் ஓர் இரவு விட்டால் மறுபடி சிவந்துவிடும். நாகம் கலந்த முதற்பூச்சு நல்லது. அதன் மேல் இரண்டு தடவை பெயின்ற் அடியுங்கள். கழற்றிய போல்ற், நட் போன்ற சிறு பாகங்களை ஓரிரவு வினாகிரியில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, உலர்த்தி, ஒயில் பூசலாம்.

துளை விழுந்த இடத்திற்கு

சட்டத்தில் விழுந்த துளையைப் புட்டியால் அடைப்பது ஏமாற்று வேலை. கறள் பிடித்த பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்துவிட்டு, சட்டத்தின் தடிப்புக்குக் குறையாத தகட்டை வைத்து, சுற்றிவர வெல்டிங் செய்ய வேண்டும். கறளின் மேலேயே தகடு வைத்து ஒட்டினால் உள்ளே அது தொடர்ந்து அரிக்கும். இது பழகிய கைகாரர் செய்ய வேண்டிய வேலை.

வெல்டிங் தொடங்குமுன் பற்றரியின் வயர்களைக் கழற்றுங்கள். எரிபொருள் தாங்கியைக் கழற்றித் தூரத்தில் வையுங்கள். தாங்கி வெறுமையாக இருக்கின்றதே என்று எண்ண வேண்டாம். அதிலுள்ள ஆவி வெடிக்கும். நாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். வேலை செய்யும் இடத்தில் பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

கழிவு ஒயில் வேண்டாம்

கழிவு என்ஜின் ஒயிலை அடிப்பாகத்துக்கு அடிக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அது தோலுக்குத் தீங்கானது. றபர் பாகங்களையும் கெடுக்கும். அதனிலும் பெரிய கேடு, மழையோடு நிலத்தில் இறங்குவதாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போகும். சட்டத்தின் உட்பகுதிக்குப் புதிய ஒயிலுடன் சிறிது கிறீஸ் கலந்து, துவாரங்களின் வழியாக அளவோடு விடுங்கள். பிரேக்கில் படக் கூடாது.

மாரிக்கு முன்னர்

வடக்கு கிழக்கில் ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களே இவ்வேலைக்கு உகந்த காலம். காலபோக விதைப்புத் தொடங்கிவிட்டால் நேரமும் இராது, இரும்பும் உலராது. அப்பொழுது சட்டத்திலும் கதவுகளின் அடியிலும் உள்ள நீர் வடியும் துவாரங்களை ஒரு கம்பியாற் குத்திச் சேற்றை நீக்குங்கள். கால்மிதிக்குக் கீழுள்ள நனைந்த விரிப்பைக் கழற்றி வெயிலில் போடுங்கள்.

வண்டியை நீண்ட நாள் நிறுத்தி வைப்பதாயின் புல்லின் மேலோ மரத்தின் கீழோ விட வேண்டாம். பொலித்தீனால் இறுக மூடினால் உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். நாலு பக்கமும் காற்றுப் புகும் கிடுகுக் கொட்டிலே சிறந்தது. பல குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய வண்டியானால், கழுவும் பொறுப்பு எந்தக் கிழமை யாருடையது என்பதை வாங்கிய அன்றே தீர்மானித்து ஒரு கொப்பியில் எழுதிக் கொள்ளுங்கள். எல்லோருக்கும் பொதுவான வண்டியை யாரும் கழுவாமல் விடுவதே பெரும்பாலும் கறளுக்கு வழி திறக்கின்றது.